கப்பல் ஏறாத துரை

சின்னையாவை வெள்ளைக்காரராக்குவதற்கு அன்று காலை நாங்கள் பட்ட பாடு கொஞ்சமன்று. அரிசிமாவைத் தேங்காயெண்ணெயில் குழைத்துப் பூசினோம். பாராடாங் தீவின் வெயிலும் கடற்காற்றின் ஈரமும் சேர்ந்துகொண்டதால், ஒரு கன்னத்தைப் பூசி முடிப்பதற்குள் மறு கன்னம் வழியத் தொடங்கியது. மூன்றாம் முறை பூசும்போது அவர் கண்களை மூடியவாறே சொன்னார்:

"போதுங்க ஐயா. எங்க தொரையும் வெயில்ல இப்படித்தான் வழிஞ்சுக்கிட்டு நிப்பாரு. பாதி வெள்ளையா இருந்தாலே சனங்க நம்பும்."

பக்கத்தில் காசிம் பாய் மூங்கில் வில்லுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். அவருக்கும் வேறு மூவருக்கும் அடுப்புக்கரி பூசவேண்டும் என்பது என் ஏற்பாடு. கரிச்சட்டியை அவர் முன் நீட்டினேன்.

"நமக்கு எதுக்குண்ணே கரி? ஆண்டவன் பூசித்தானே அனுப்பி வச்சிருக்கான்" என்றார்.

ஆப்பிரிக்காவில் நாடுகள் ஒன்றன்பின் ஒன்றாக விடுதலை பெற்றுக்கொண்டிருந்த காலம் அது. அந்த விடுதலையை அந்தமான் காட்டோரத்துக் குடியேற்ற ஊர் ஒன்றில் நாடகமாக நடித்துக் காட்ட நாங்கள் படகேறி வந்திருந்தோம். என் சட்டைப்பையில் ஒரு கடிதத்தின் நகல் இருந்தது. அதைப் பற்றி முதலில் சொல்லிவிடுவதே முறையாகும்.

என் கையொப்பம்

போர்ட் பிளேரில் ஓர் அரசு அலுவலகத்தில் நான் அப்போது தற்காலிக எழுத்தர். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவனுக்கு அந்த நாற்காலி கிடைத்ததே பெரிது. வேலை நிரந்தரமாகும் நாள் நெருங்கியிருந்தது. நிரந்தரமானால் மனைவியையும் மகளையும் இராமநாதபுரத்திலிருந்து கப்பலில் அழைத்துவரலாம். ஆகாவிட்டால் நானே கப்பலேறித் திரும்பவேண்டியதுதான்.

அரசு ஊழியன் அரசியல் நாடகம் எழுதலாமா என்ற கேள்வி எழுந்தபோது, மேலதிகாரி மறுக்கவில்லை. ஆனால், "நாடகத்தால் பொது அமைதிக்கு எவ்விதக் குந்தகமும் நேராது, நேர்ந்தால் முழுப் பொறுப்பும் என்னுடையது" என்று எழுதிக் கையொப்பமிடச் சொன்னார். இட்டேன். அதன் ஒரு படி பாராடாங்கின் வனத்துறை ரேஞ்சரிடமும் போய்ச் சேர்ந்திருந்தது. நாடகத்தை நேரில் பார்த்து அறிக்கை அனுப்பவேண்டியவர் அவரே.

ஆகவே அன்று மேடையில் நடக்கப்போவது ஆப்பிரிக்காவின் தலைவிதி மட்டுமன்று, என்னுடையதும் என்பதை வாசகர்கள் மனத்தில் கொள்ளவேண்டும்.

தாள் மணமும் தூர தேசமும்

அக்காலத்தில் நாங்கள் மெயின்லாண்ட் என்று சொல்லும் இந்தியக் கரையிலிருந்து கப்பல் வந்தால்தான் செய்தித்தாள் வரும். வந்தால் பல நாள் தாள்கள் ஒரே கட்டாக வரும். உப்புக்காற்றும் வெங்காய மூட்டையின் நெடியும் ஏறிய அந்தத் தாள்களின் மணம் இன்றும் என் மூக்கில் இருக்கிறது. போர்ட் பிளேரின் அபர்தீன் கடைத்தெருவில் காசிம் பாயின் துணிக்கடை. அங்கே தரையில் சம்மணமிட்டு, பழைய தேதியிலிருந்து புதிய தேதிவரை வரிசை கெடாமல் படிப்போம். ஒரே மாலையில் இரண்டு மூன்று நாடுகள் எங்கள் கண்முன்னே விடுதலை பெற்றுவிடும்.

"ஒரு கப்பலுக்கு மூணு நாடு. இந்த வேகத்துல போனா தீபாவளிக்குள்ள வெள்ளைக்காரனுக்கு நிக்க எடம் இருக்காது" என்பார் காசிம் பாய்.

எங்களுக்கு அதில் இருந்த மகிழ்ச்சிக்குக் காரணம் இல்லாமலில்லை. நாங்கள் வசித்த ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் வெள்ளைக்காரன் கட்டிய சிறையின் சுவர் கண்ணில் படும். அவன் போய்விட்டான்; சுவர் நின்றது. அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டே ஆப்பிரிக்கச் செய்தியைப் படிக்கும்போது, தூரத்து உறவினர் வீட்டில் திருமணம் என்று கேள்விப்பட்டதைப்போல் இருக்கும். அந்த மகிழ்ச்சியில் எழுதிய நாடகம்தான் "கப்பலேறும் துரை".

கதை எளியது. பெயர் சொல்லாத ஓர் ஆப்பிரிக்க மலைநாடு. அங்கே நிலத்தைப் பிடித்துக்கொண்ட ஒரு வெள்ளைத் துரை. காட்டிலிருந்து வில்லோடு வந்து போராடும் மக்கள். இறுதியில் அவர்களுடைய தலைவன் துரையைத் தகரப்பெட்டியோடு கப்பலேற்றி அனுப்புவான். கப்பலின் ஊதல் ஒலிக்கத் திரை விழும்.

சின்னையா கொடுத்த பேச்சு

துரை எப்படிப் பேசுவார் என்பது எனக்குத் தெரியவில்லை. அதைத் தந்தவர் சின்னையா. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, தோட்டத் தமிழர்கள் கூட்டமாகத் திருப்பி அனுப்பப்படுவதற்கு முன்னதாகவே அங்கிருந்து புறப்பட்டு, எப்படியோ இத்தீவுக்கு வந்து தச்சு வேலை செய்தவர். குள்ளமான, மெலிந்த மனிதர். ஆனால் துரையின் தொப்பியைத் தலையில் வைத்துவிட்டால் ஓர் அடி உயர்ந்துவிடுவார்.

"எங்க தொரை வருசத்துக்கு ஒரு தரம் எல்லாரையும் நிக்க வச்சுப் பேசுவாருங்க. நான் வந்தப்ப இங்கிட்டு வெறும் காடும்பாரு. அட்டை கடிச்சுச்சும்பாரு. காச்சல்ல கெடந்தேன், மொதப் புள்ளைய இந்த மண்ணுலதான் பொதைச்சேன், மரத்த வெட்டுனவன் நான், வேரத் தோண்டுனவன் நான், இது என் மண்ணும்பாரு."

"உண்மையா?"

"புள்ளையப் பொதைச்சது உண்மைங்க. மரத்த வெட்டுனது எங்க தாத்தா."

அந்தப் பேச்சை அப்படியே எழுதினேன். கேட்பவர்கள் அதைக் கேட்டுச் சிரிக்கவேண்டும், பிறகு சினம் கொள்ளவேண்டும் என்பது என் கணக்கு.

போர்ட் பிளேரில் அது பலித்தது. அரசு ஊழியர்களும் கடைக்காரர்களும் துரையை எள்ளி நகைத்தார்கள். இறுதியில் தகரக் குழாயில் கப்பலின் ஊதலை ஊதியபோது கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. அந்தக் கைதட்டல் முழுவதும் ஆப்பிரிக்காவுக்கென்று நான் நெடுநாள் நினைத்திருந்தேன். மெயின்லாண்டுக்கு விடுப்பில் போகக் காத்திருப்பவர்கள் எந்தக் கப்பல் புறப்பட்டாலும் மகிழ்வார்கள் என்பது பின்னர்தான் விளங்கியது.

அந்தப் புகழ் பரவி, பாராடாங்கிலிருந்து அழைப்பு வந்தது. கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகளாய் வந்து நிலம் பெற்ற குடும்பங்களே அவ்வூரில் மிகுதி. ராஞ்சியிலிருந்து மரம் வெட்டும் வேலைக்கு வந்தவர்களும் உண்டு. எல்லாருக்கும் பொதுவாக இந்தி. ஆகவே நாடகத்தை இந்தியில் மாற்றி, நடிகர்களுக்காகத் தமிழெழுத்திலேயே எழுதிக் கொடுத்தேன். தீவின் இந்தியில் ஆண்பால் பெண்பால் பார்ப்பவர் எவருமில்லை என்பதால் என் மொழிபெயர்ப்பு தப்பித்தது.

கைதட்டல் மாறி விழுந்தது

இருட்டிய பிறகு அவ்வூரார் வீட்டைவிட்டு வெளியே வருவதில்லை. அதனால் நாடகம் நண்பகல் உணவுக்குப் பிறகு தொடங்கியது. அறுவடை முடிந்த வயலில் பலகை மேடை. முன்வரிசையில் ஒரே நாற்காலி, அதில் ரேஞ்சர். அவருக்குப் பின்னால் வைக்கோல்மேல் ஊர் மக்கள். அவர்களுக்கும் பின்னால் வயல் முடிந்த இடத்தில் காடு.

கூட்டத்தின் நடுவே, எல்லாரும் மாஷிமா, அதாவது சின்னம்மா, என்று அழைத்த ஒரு வங்காள மூதாட்டி உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சேலை, காய்ப்புக் காய்த்த கைகள். எங்களை வரவேற்று, அதிகம் பேசாமல் ஆளுக்கொரு இளநீர் சீவிக் கொடுத்தவர் அவர்தான்.

சின்னையா மேடையேறினார். தொப்பியைச் சரிசெய்துகொண்டு, தன் துரையின் பேச்சை இந்தியில் தொடங்கினார். நான் வந்தபோது இங்கே வெறும் காடு என்றார். எவரும் சிரிக்கவில்லை. அட்டை கடித்தது, காய்ச்சலில் கிடந்தேன் என்றார். ஒரு கிழவர் தலையை ஆட்டினார். முதல் பிள்ளையை இந்த மண்ணில் புதைத்தேன் என்றபோது, பெண்கள் பக்கத்தில் ஒருத்தி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"மரத்தை வெட்டினவன் நான். வேரைத் தோண்டினவன் நான். இந்த மண் என்னுடையது."

வயல் முழுவதும் கைதட்டியது.

சின்னையா வசனத்தை மறந்து நின்றார். மேடையின் ஓரத்தில் பனையோலைத் தட்டிக்குப் பின்னால் கையில் நோட்டுப் புத்தகத்தோடு இருந்த நானும் திகைத்து நின்றேன். எங்கள் வில்லனுக்கு அல்லவா கைதட்டுகிறார்கள்? தோட்டத்தில் துரை சொன்னபோது அது பொய். இங்கே உட்கார்ந்திருந்தவர்களுக்கு அதன் ஒவ்வொரு சொல்லும் மெய். அரசு கொடுத்த கோடரியோடு வந்து இறங்கி, தாங்களே வெட்டி, தாங்களே தோண்டிய மண் அது. என் பேனா அவர்களுடைய வாழ்க்கையை எழுதி, அதை ஒரு வில்லனின் வாயில் வைத்துவிட்டது.

இதைவிடப் பெரிய பிழை ஒன்றையும் நான் செய்து வைத்திருந்தேன்.

பின்னாலிருந்து வந்தவர்கள்

போராளிகள் மேடையின் பக்கவாட்டிலிருந்து வருவது சாதாரணமாக இருக்கும் என்றும், பார்ப்பவர்களின் முதுகுக்குப் பின்னாலிருந்து, உண்மையான காட்டிலிருந்தே வந்தால் மெய்சிலிர்க்கும் என்றும் காலையில்தான் எனக்குத் தோன்றியிருந்தது. காசிம் பாய் தயங்கியதைக் காதில் வாங்காமல், அந்த யோசனையில் நான் பெருமிதமும் அடைந்திருந்தேன்.

காட்டோரத்து ஊர்களில் ஒரு வழக்கம் உண்டு. வயலின் கோடியில் தகர டின் தொங்கும். மான் இறங்கினால் நிதானமாக அடிப்பார்கள். காட்டுக்குரியவர்களான, வில்லேந்திய பழங்குடியினரான ஜாரவாக்கள் தென்பட்டால் விடாமல் அடிப்பார்கள். கேட்டவர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போய்விடவேண்டும். காட்டிலிருந்து வரும் ஒரு வில்லுக்கு அவ்வூரில் என்ன பொருள் என்பது, போர்ட் பிளேரில் உட்கார்ந்து ஆப்பிரிக்காவைப் படித்த எனக்கு உறைக்கவே இல்லை.

காசிம் பாயும் மூவரும் கரி பூசிய உடம்போடு, வில்லை உயர்த்தியபடி மரங்களுக்கிடையிலிருந்து வெளிப்பட்டார்கள்.

டின் அலறியது.

அதற்குப் பிறகு நடந்தவை அனைத்தும் சில நொடிகளில் நடந்தவை. வைக்கோல் பறந்தது. பெண்கள் பிள்ளைகளை இடுப்பில் அள்ளிக்கொண்டு ஓடினார்கள். ஆண்களில் சிலர் இடுப்பிலிருந்த வெட்டுக்கத்தியை உருவிக்கொண்டு காட்டின் பக்கம் திரும்பினார்கள். ஒரு மூங்கில் வில் தரையில் விழுந்தது. அதன் பின்னே இரண்டு கைகள் மேலே உயர்ந்தன.

"பாய்லோக், மைன் ஹூம்! கப்டாவாலா காசிம்! நான்தான், துணிக்காரக் காசிம்!"

ஓடியவர்கள் நின்றார்கள். மாதமொருமுறை துணி மூட்டையோடு படகில் வந்து வீடுவீடாய்ப் போகிறவர் அவர். கத்தியோடு முன்னே நின்ற வாலிபன் உற்றுப் பார்த்தான்.

"கரி பூசிக்கிட்டு என்ன வேலை பாய் இது? ரெண்டு எட்டு வச்சிருந்தா தலை போயிருக்கும்."

"தலை போனா போவட்டும் தம்பி. இந்தக் கோலத்துல நான் மவுத்தானா ஊர்ல என் பொண்டாட்டிக்கு என்னன்னு சொல்லி அனுப்புவீங்க?"

எவரோ ஒருவர் சிரித்தார். அது பரவியது. பயந்தவர்கள் சிரிக்கும் சிரிப்பு உரத்து நெடுநேரம் நீடிக்கும். ஆனால் ரேஞ்சர் சிரிக்கவில்லை. நாற்காலியிலிருந்து எழுந்து தட்டியின் பக்கம் வந்தார்.

"கிளார்க் பாபு, பொது அமைதி என்று எழுதிக் கொடுத்தது நீங்கள்தானே? இதுதான் அமைதியா? பந்த் கரோ, நிறுத்துங்கள்."

என் சட்டைப்பையிலிருந்த தாள் கனத்தது. மனைவியும் மகளும் வரவேண்டிய கப்பல் என்னைத் திருப்பி அனுப்பும் கப்பலாக மாறுவதைக் கண்ணால் கண்டேன். சாமான்களை எடுத்துக் கட்டும்படி சின்னையாவுக்குக் கைகாட்டினேன்.

மாஷிமாவின் கேள்வி

அப்போது மாஷிமா தம் இடத்திலிருந்து எழாமலே பேசினார். அவருடைய இந்தியை என் தமிழில் தருகிறேன்.

"ரேஞ்சர் பாபு, உட்காருங்க. பயந்தது நாங்க, நீங்க இல்லை. துரைக்கு என்ன ஆச்சுன்னு பாக்காம நான் எந்திரிக்க மாட்டேன்."

ரேஞ்சர் ஒரு கணம் யோசித்தார். பிறகு திரும்பிப் போய் உட்கார்ந்தார். அவ்வூரில் ரேஞ்சருக்கு அதிகாரம் உண்டு. மாஷிமாவுக்கு அதைவிடச் சற்று மேலான ஒன்று இருந்தது.

நாடகம் தொடர்ந்தது. காசிம் பாய் இம்முறை மேடையின் பக்கவாட்டிலிருந்து, வில் இல்லாமல், நல்ல பிள்ளையாக வந்தார். இறுதிக் காட்சி. சின்னையா தகரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு, கப்பல் பாலமாகப் போட்டிருந்த சாய்பலகையில் கால் வைத்தார். பின்னாலிருந்து ஊதல் ஒலித்தது.

மாஷிமா எழுந்து நின்றார்.

"அவனை அனுப்பாதே."

ஊதல் பாதியில் நின்றது.

"எங்களையும் இப்படித்தான் ஒரு பெட்டியோட அனுப்பினாங்க. அவன் பிள்ளை இந்த மண்ணுல கிடக்கு. அவனை எங்கே அனுப்புவே?"

"மத் பேஜோ" என்றது ஒரு குரல். "மத் பேஜோ" என்றன பல குரல்கள். அனுப்பாதே, அனுப்பாதே என்று வயலே சொன்னது. ரேஞ்சர் மறுபடியும் நாற்காலியின் கைகளைப் பிடித்துக்கொண்டு எழப்பார்த்தார்.

சாய்பலகையில் ஒரு காலும் மேடையில் ஒரு காலுமாக நின்ற சின்னையா என்னைப் பார்த்தார். நான் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தேன். அதில் "துரை கப்பலேறுகிறார், திரை" என்று மட்டுமே இருந்தது. அவரை ஏற்றினால் கலகம். ஏற்றாமல் விட்டால், காட்டிலிருந்து வந்தவர்கள் எதற்காகப் போராடினார்கள்?

காசிம் பாய் என்னைப் பார்க்கவே இல்லை. துணி விற்கிறவருக்கு எதிரில் இருப்பவரின் முகம் பார்த்துப் பேசத் தெரியும். அவர் சின்னையாவின் அருகே போய், பெட்டியில் கை வைத்து, நான் எழுதாத வசனத்தை நிதானமாகக் கேட்டார்.

"துரை, நீ வந்தப்போ இங்கே வெறும் காடுன்னு சொன்னே. காட்டுக்குள்ளே யாரும் இல்லையா?"

சின்னையா சாய்பலகையிலிருந்த காலை மேடைக்கு எடுத்துக்கொண்டார். முகத்து மாவு வியர்வையில் கரைந்து கழுத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. மேடையில் நின்றது துரையா, தச்சர் சின்னையாவா என்று எனக்கே விளங்கவில்லை. பிறகு அவர் தொப்பியைக் கழற்றினார்.

"இருந்தாங்க" என்றார். "நான் கேக்கல."

பலர் தரையைப் பார்த்தார்கள். டின்னை அடித்துவிட்டு இன்னும் கையில் கட்டையோடு நின்ற மனிதர், அதை மெல்லக் கீழே வைத்தார். சிலருடைய கண்கள் வயலைத் தாண்டி மரங்களின் பக்கம் போய்த் திரும்பியதையும் பார்த்தேன்.

மாஷிமா துரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி" என்றார். "அப்போ உட்கார்."

சின்னையா தகரப்பெட்டியைக் கீழே வைத்து, அதன்மேல் உட்கார்ந்தார். காசிம் பாய் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். நான் திரையை இழுத்தேன். கைதட்டல் எழவில்லை. ஆனால் எவரும் எழுந்தும் போகவில்லை.

அறிக்கை

அதன்பின் எங்களுக்குக் கிடைத்த விருந்து நான் தீவில் உண்ட நல்ல விருந்துகளில் ஒன்று. அவர்கள் நிலத்து அரிசிச் சோறு, கடுகரைத்த மீன் குழம்பு. கரி கழுவாத கையோடு உட்கார்ந்த காசிம் பாயை மாஷிமா எழுப்பி, குளத்துக்கு அனுப்பிய பிறகுதான் இலை போட்டார்.

ரேஞ்சர் எங்களோடு உண்டார். அவர் என்ன எழுதப்போகிறார் என்று கேட்க எனக்குத் துணிவில்லை. சில வாரங்களுக்குப் பின் அலுவலகத்தில் அந்த அறிக்கையைக் கோப்பில் கட்டவேண்டிய வேலை எனக்கே வந்தது. மூன்றே வாக்கியங்கள். நாடகம் நடந்தது. சிறிது கூச்சல் இருந்தது, அது ஊராராலேயே அடங்கியது. முடிவு எழுத்தில் இருந்ததைவிட நன்றாக இருந்தது.

வேலை நிரந்தரமாயிற்று. அவ்வாண்டு மழை ஓய்ந்ததும் மனைவியும் மகளும் வந்து இறங்கினார்கள். நாடகத்தின் பெயரை மாற்றினேன். இத்தலைப்பில் வாசகர்கள் காண்பது அந்தப் பெயரைத்தான். பிறகு எங்கே நடித்தாலும் காசிம் பாயின் கேள்வியும் சின்னையாவின் பதிலும் அப்படியே இடம்பெற்றன. அவ்விரண்டு வரிகளும் என்னுடையவை அல்ல என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

திரும்பும் படகு

விருந்து முடிந்து, வெயில் சாயுமுன் படகேறினோம். இருபுறமும் அலையாத்தி மரங்கள் வேர்களைத் தண்ணீரில் ஊன்றி நிற்க, நடுவே குறுகிய ஓடையில் படகு போயிற்று. சின்னையா காதுக்குப் பின்னால் வெள்ளை மாறாமலே தூங்கிக்கொண்டிருந்தார். எல்லாருக்கும் வயிறு நிறைந்திருந்தது. என் சட்டைப்பையிலிருந்த தாள் இப்போது அவ்வளவாகக் கனக்கவில்லை.

படகின் முனையில் எங்கள் மூங்கில் விற்கள் சாத்தி வைக்கப்பட்டிருந்தன. காசிம் பாய் அவற்றைப் பார்த்தார். பிறகு கரையோரக் காட்டைப் பார்த்தார்.

"அண்ணே, அந்த வில்லையெல்லாம் பலகைக்கு அடியில வைங்க."

"ஏன் பாய்? இங்கே யார் பயப்படப்போகிறார்கள்?"

"பயப்பட இல்லண்ணே. நம்ம செஞ்ச லட்சணத்துக்கு, அவங்க பாத்தா சிரிப்பாங்க."

விற்களை எடுத்து உள்ளே வைத்தேன். வைத்துவிட்டு நிமிர்ந்து, மரங்களுக்கிடையே நெடுநேரம் பார்த்தேன். அங்கே எவரும் இல்லை என்று எழுத இன்று எனக்குக் கை வரவில்லை. நான் எவரையும் காணவில்லை என்று மட்டும் எழுதுகிறேன்.